உள்ளேயிருந்து வந்த குண்டு

வீரத்தின் தழும்புகளைக் காலத்தால் அழிக்க முடியாது. கொடிகள் மாறலாம், கோட்டைகள் மண்ணாகலாம், படை நடத்தியவர்களின் பெயர்கூட மறந்துபோகலாம். குண்டு துளைத்த இடம் மட்டும் வாய் திறந்தபடி வருங்காலத்தோடு பேசிக்கொண்டே இருக்கும்.

கர்னலின் ஷெட்டில் நின்ற பச்சை ஜீப்பின் வலப்பக்கத் தகட்டில் அப்படி ஐந்து வாய்கள் இருந்தன. போன வாரம்தான் பேசத் தொடங்கியிருந்தன. டிரில்லிங் மெஷினுக்குப் புது பிட் வாங்கிவந்து கர்னலே தன் கையால் திறந்துவைத்தவை.

மகள் பெரியவள் பழைய இரும்புக் கடைக்கு ஒரு பம்பர் தேடிப் போயிருந்த மதியத்தில் அது நடந்தது. திரும்பி வந்தவள் தகட்டைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள், தோளிலிருந்த பம்பரைத் தரையில் போட்டாள். அந்தச் சத்தம் இன்னும் வீட்டுக்குள் அடங்கவில்லை. அன்றிலிருந்து அப்பாவும் மகளும் அம்மா வழியாகத்தான் பேசிக்கொள்கிறார்கள்.

கர்னல் எந்தப் படையிலும் இருந்தவரல்ல. பட்டாளம் கழித்துக்கட்டிய ஜீப்புகளை ஏலத்தில் எடுத்து, ஓடும்படி செய்து விற்பது அவர் தொழில். முதல் ஏலத்தில் ஜீப்போடு ஒரு மூட்டை காக்கிச் சட்டையும் சேர்ந்து வந்தது. அதில் ஒரு சட்டையின் தோளில் யாரோ பிரிக்க மறந்த நட்சத்திரங்கள். அவரும் பிரிக்கவில்லை. சட்டை கிழிந்துவிட்டது, பட்டம் தங்கிவிட்டது.

"மூட்டையில சமையல்காரர் சட்டையும் இருந்துச்சு. நல்ல வேளை, அது இவருக்குப் பத்தல" என்பாள் அம்மா.

பச்சை ஜீப்பின் கதை வேறு. புருஷன் வீட்டிலிருந்து ஒரே ஒரு சூட்கேஸோடு பெரியவள் திரும்பி வந்த வருடம், ஷெட்டின் மூலையில் கிடந்த மூன்று பிணங்களைக் காட்டி, "சும்மா இருக்கிற நேரத்துல எதையாவது தட்டிக்கிட்டிரு" என்றார் கர்னல். ஒன்றில் சேஸிஸ் இருந்தது, என்ஜின் இல்லை. இன்னொன்றில் என்ஜின் இருந்தது, அதில் ஒரு கோழி குடியிருந்தது. மூன்றாவது, பள்ளத்தில் உருண்ட வண்டி. ஆக்சிலும் கியர்பாக்ஸும் மட்டும் தேறின. பெரியவள் கோழியைக் காலி செய்யச் சொன்னாள். மற்றதையெல்லாம் ஒன்றாக்கினாள். ஒருநாள் அது இருமிக்கொண்டே கிளம்பியபோது அதற்குக் 'கூட்டுக்குடும்பம்' என்று பெயர் வைத்தாள். மூன்று பேரும் சண்டை போடாமல் ஒரே திசையில் போவதால், வீட்டைவிட அதற்குத்தான் அந்தப் பெயர் பொருந்தும் என்பது அவள் கட்சி.

நாளை மலைச்சவாரி. பழைய ஜீப் வைத்திருப்பவர்களின் சங்கம் வருடத்துக்கு ஒருமுறை கல்குவாரிப் பாதை வழியாக மலை ஏறும். அதில் கூட்டுக்குடும்பத்தைத் தன் கையால் ஓட்டி உச்சியில் நிறுத்த வேண்டும், இது இன்ன வண்டி, இதைக் கட்டியவள் நான் என்று சொல்லி நிறுத்த வேண்டும். பெரியவளின் ஆசை அவ்வளவுதான். அதற்குள் தம்பி சின்னவன் அதே ஜீப்பை, 'போர்க்களம் கண்ட அசல் வண்டி' என்று சங்கத் தலைவரிடமே விலை பேசி முடித்திருந்தான்.

தலைவர் வண்டியைப் பார்க்க வரும் காலை இது.

"அக்கா, அவர் வர்ற நேரமாச்சு. நீ கொஞ்சம் வீட்டுக்குள்ள போய் இரேன்."

ஜீப்புக்கு அடியிலிருந்து இரண்டு கால்கள் மட்டும் நீட்டிக்கொண்டிருந்தன. கால்கள் இன்னும் கொஞ்சம் உள்ளே போயின.

"சரி, வெளியவே இரு. ஆனா வாயைத் திறக்காத."

"பதினேழாம் நம்பர் ஸ்பேனர் எடு."

"அக்கா, நான் இஸ்திரி போட்ட சட்டையில இருக்கேன்."

"ஸ்பேனரும் துடைச்சு வெச்சதுதான்டா. உன் சட்டை ஒட்டிக்காது."

சின்னவன் இன்சூரன்ஸ் கம்பெனியில் உதவி மேலாளர். 'உதவி' என்ற சொல்லை மட்டும் விசிட்டிங் கார்டில் பொடி எழுத்தில் அச்சடித்திருந்தான். ஸ்பேனரை இரண்டு விரலால், செத்த எலியைத் தூக்குவதுபோலத் தூக்கி, கால்களுக்கு அருகில் வைத்தான்.

"இந்த வண்டி கை மாறினா எனக்குச் சங்கத்துல இடம் நிச்சயம்னு சொல்லியிருக்கார். எவ்வளவு பெரிய ஆளுங்க பழக்கம் கிடைக்கும் தெரியுமா?"

"உங்கிட்டதான் வண்டியே இல்லையே. வண்டிச் சங்கத்துல உனக்கு என்ன வேலை?"

"வண்டி முக்கியமில்லக்கா. சங்கம்தான் முக்கியம்."

"அப்ப நாளைக்குச் சங்கத்து மேல ஏறி உக்காந்துக்கிட்டு மலைக்குப் போகச் சொல்லு."

அம்மா டீயோடு வந்தாள். அவளுக்குப் பின்னால் கர்னல். மடிப்புக் கலையாத காக்கிச் சட்டை, முறுக்கிய மீசை, தனக்கே கொடுத்துக்கொண்ட ஒரு நிமிர்வு.

"அவகிட்டச் சொல்லு" என்றார் அம்மாவிடம், ஜீப்பைப் பார்த்தபடி. "வண்டின்னா அதுக்கு ஒரு வரலாறு வேணும். வரலாறு இல்லாத வண்டி வெறும் இரும்பு."

"வரலாறு வேணுமாம்" என்றாள் அம்மா.

"இருக்குன்னு சொல்லும்மா. என்ஜின்ல கோழி முட்டை போட்டுச்சு. அதைச் சொல்லச் சொல்லு."

"கோழி முட்டை போட்டுச்சாம்."

"எனக்குக் காது கேக்குது!"

"கேக்குதுல்ல? அப்ப நான் எதுக்கு நடுவுல நிக்கிறேன், நான் என்ன தபாலாபீஸா?" டம்ளர்களை பானெட்டின் மேல் ணங்கென்று வைத்துவிட்டு அம்மா போய்விட்டாள்.

தபால் சேவை இப்படித் திடீரென்று நின்றுபோனதில் இரண்டு தரப்பும் சற்றுத் திகைத்தன. பிறகு ஜீப்புக்கு அடியிலிருந்து பெரியவள் வெளியே வந்தாள். நெற்றியில் கிரீஸ். ஒரு வாரம் கழித்து அப்பாவிடம் நேராகப் பேசினாள்.

"நானா போய்ச் சொல்ல மாட்டேன்ப்பா. ஆனா அவர் கேட்டா உள்ளதைச் சொல்லுவேன்."

"கேக்க மாட்டார்" என்றார் கர்னல், டீயை உறிஞ்சியபடி. "பெரிய மனுஷங்க எதையும் கேக்க மாட்டாங்க. அவங்களே சொல்லிடுவாங்க."

தொழிலில் ஊறியவரின் வாக்கு. பாதி பலித்தது.

தலைவர் தன் அசல் ஜீப்பில் வந்தார். அசல் ஜீப் லாரியில் வந்தது. ஷெட் இருப்பது செங்குத்தாக இறங்கும் ஒரு முட்டுச்சந்தின் அடியில். லாரி அதற்குள் இறங்காது. எனவே மேலே தெருமுனையில் ஜீப்பை இறக்கி, துணியால் துடைத்து, தலைவர் தொப்பியும் கறுப்புக் கண்ணாடியும் மாட்டி ஏறி உட்கார்ந்து, சரிவில் உருண்டு வந்து, ஷெட் வாசலில் ஒரு வளைவு வளைத்து, மேட்டைப் பார்த்தபடி நிறுத்தினார். பாலைவனத்தைக் கடந்து வந்தவரைப் போலத் தொடையில் தூசி தட்டினார். தூசி வரவில்லை.

குளியலறைக் குழாய் வியாபாரத்தில் பெயர் எடுத்தவர். ஆனால் குழாய்களைப் பற்றி அவர் பேசுவதில்லை.

"நட்டு, போல்ட்டு, வயரு, ரப்பர், எல்லாம் அன்னிக்குக் கம்பெனியில மாட்டினது" என்றார், தன் வண்டியைக் காட்டி. "டயர்ல இருக்கிற காத்து மட்டும்தான் புதுசு. அதுக்கும் வருத்தம்தான்."

"ஆஹா" என்றான் சின்னவன்.

தலைவர் பச்சை ஜீப்பைச் சுற்றி வந்தார். வலப்பக்கம் வந்ததும் நின்றார். மெல்லத் தொப்பியைக் கழற்றினார். பார்த்துக்கொண்டிருந்த சின்னவன் தன்னிடம் தொப்பி இல்லாததால் தலையைக் கோதிக்கொண்டான்.

"எந்தப் போர்?"

"எல்லையில" என்றார் கர்னல், குரலைத் தாழ்த்தி. "அதைப் பத்தி வெளிய பேசக் கூடாதுன்னு..."

"தெரியும். எனக்குத் தெரியும்." தலைவர் கையை உயர்த்தித் தடுத்தார். "பனி. ரெண்டு நாள் சாப்பாடு இல்ல. எதிரி மேட்டுல, நம்மாளுங்க பள்ளத்துல. நான் படிச்சிருக்கேன்."

கர்னல் தலைகுனிந்து அந்தப் பனியை ஏற்றுக்கொண்டார். மகளை ஒரு முறை ஓரக்கண்ணால் பார்த்தார்: சொன்னேனா இல்லையா?

தலைவர் துளைகளின் மேல் விரலை ஓட்டினார். மூன்றாவது துளையில் "ஸ்ஸ்" என்று கையை இழுத்தார். விரல் நுனியில் ரத்தம்.

"இத்தனை வருஷம் கழிச்சும் ரத்தம் கேக்குது பாத்தீங்களா!" என்றார் நெகிழ்ந்துபோய். சின்னவன் கைக்குட்டையை நீட்டினான். அதை விரலில் சுற்றிக்கொண்டே தலைவர் பெரியவளைப் பார்த்தார். "இது யாரு?"

"என் பொண்ணுதான்" என்றார் கர்னல். "சும்மா, ஷெட்டுல ஒரு ஒத்தாசைக்கு..."

பெரியவளுக்கு அன்று காலை அதுவரை கோபம் வரவில்லை. பனியைக்கூடப் பொறுத்துக்கொண்டாள். 'ஒத்தாசை' என்ற சொல் மட்டும் பம்பரைப் போல வந்து விழுந்தது. புருஷன் வீட்டிலும் அவளை அப்படித்தான் சொல்வார்கள். அங்கே அந்த வீட்டையே அவள்தான் தாங்கிக்கொண்டிருந்தாள்.

"உங்க விரலை எது கிழிச்சுது?" என்று கேட்டாள்.

"தகடுதான்மா."

"தகட்டோட ஓரம் எந்தப் பக்கம் மடங்கியிருக்கு?"

தலைவர் குனிந்தார். "வெளிப்பக்கம்."

"வெளிய இருந்து சுட்டா ஓரம் உள்பக்கம்தானே மடங்கும்? இது உள்ள இருந்து வெளிய வந்திருக்கு."

தலைவர் இன்னும் குனிந்து உள்ளே எட்டிப் பார்த்தார். குனிந்தால் முதுகு பிடித்துக்கொள்ளும் என்பதால், கர்னல் பின்சீட்டில் சௌகரியமாக உட்கார்ந்தபடி உள்ளேயிருந்து துளை போட்டிருந்தார். அந்த நிமிடம்வரை அதில் ஒரு தப்பும் அவருக்குத் தெரியவில்லை.

"திருப்பிச் சுட்டிருக்காங்க!" என்றார் பாய்ந்து. "நம்மாளு உள்ள உக்காந்துக்கிட்டு எதிரியை—"

"சொந்த வண்டியை ஓட்டை போட்டா? மேல திறந்துதானேப்பா கிடக்கு? கையைக் கொஞ்சம் தூக்கிச் சுட்டிருந்தா ஆச்சு."

"அவசரத்துல..."

"அஞ்சு தடவையுமா?"

"அக்கா!" என்றான் சின்னவன், அழுகிற குரலில்.

"அவர் கேட்டார், யாருன்னு. சொல்லிடுறேன்." பெரியவள் கிரீஸ் கையைத் துணியில் துடைத்தாள். "இது மூணு செத்த வண்டிங்க. நான் கட்டினேன். சேஸிஸ் ஒண்ணு, என்ஜின் ஒண்ணு, கியர்பாக்ஸ் ஒண்ணு. எந்தப் போருக்கும் போகல. நாளைக்கு மலைக்குப் போகும். ஓட்டை மட்டும் எங்கப்பா போட்டது."

தலைவர் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினார். அவர் இழந்தது ஜீப்பை அல்ல. பனியை, பட்டினியை, மேட்டில் இருந்த எதிரியை. அதெல்லாம் சும்மா போகுமா?

"அசல் இல்லாத வண்டி எங்க சவாரிக்கு வராது. நான் இருக்கிற வரைக்கும் இந்த ஷெட்டுலேர்ந்து ஒரு சக்கரம் மலை ஏறாது!" என்றார். தொப்பியை மாட்டினார். விடுவிடுவென்று போய்த் தன் ஜீப்பில் ஏறிச் சாவியைத் திருகினார்.

டிக்.

மறுபடி திருகினார். டிக். அசல் பேட்டரியோ, அசல் வயரோ, ஏதோ ஒன்று தன் வயதைச் சொல்லிவிட்டது.

"தள்ளு ஸ்டார்ட் பண்ணிடலாம் சார்!" என்று சின்னவன் பின்னால் ஓடினான். தள்ளுவதற்கு ஒரு பக்கம் சுவர், மறுபக்கம் செங்குத்து மேடு. மேட்டில் தள்ளினான். செருப்பு வழுக்கி மண்டியிட்டான். இஸ்திரி போட்ட சட்டையின் முன்பக்கம் தெருவின் நிறத்துக்கு வந்தது. மாடிகளில் தலைகள் முளைத்தன. லாரி டிரைவர் மேலிருந்து பீடியோடு இறங்கி வந்து நிலைமையைப் பார்த்தார்.

"லாரி உள்ள வராதுங்க. ஆளுங்க தள்ளினா இந்த ஏத்தத்துல வண்டி ஆளுங்க மேலதான் வரும்" என்று சொல்லிவிட்டு, வேடிக்கை பார்க்க வசதியாக ஒரு படியில் உட்கார்ந்தார்.

பெரியவள் கூட்டுக்குடும்பத்தைக் கிளப்பினாள். வழக்கம்போல் இருமியது, செருமியது, பிறகு ஒரே குரலில் பேச ஆரம்பித்தது. தலைவரின் ஜீப்பைச் சுற்றி முன்னால் கொண்டுபோய் நிறுத்தி, இழுவைக் கயிற்றோடு இறங்கினாள்.

"என் வண்டியை... இதுவா இழுக்கிறது?" என்றார் தலைவர்.

"வேணாம்னா இங்கயே நிறுத்திட்டுப் போங்க. மேகம் கட்டியிருக்கு."

தலைவர் வானத்தைப் பார்த்தார், பிறகு அசல் பெயிண்டைப் பார்த்தார்.

"இழுத்து மேல விட்டுடுறேன்" என்றாள் பெரியவள், கொக்கியைக் கையில் வைத்துக்கொண்டே. "விட்டுட்டா நாளைக்கு என் வண்டியும் மலைக்கு வருது. மூணு வண்டியா கட்டினதுன்னு சொல்லியே வருது. சரியா?"

"அதைப் பார்ப்போம்."

"பார்ப்போம்னா கொக்கியும் பார்த்துக்கிட்டே இருக்கும்."

"சரின்னு சொல்லுங்க சார், எனக்கு அடுத்த வாடகை இருக்கு!" என்றது படியிலிருந்து ஒரு குரல்.

"சரி!" என்றார் தலைவர்.

"ஸ்டீயரிங்கை நேராப் பிடிங்க. என்ன ஆனாலும் பிரேக்ல கால் வைக்காதீங்க."

நாலு சக்கரத்துக்கும் இழுவை கொடுத்து, லோ கியரில் போட்டு, கிளட்சைக் குழந்தையைத் தொட்டிலில் விடுவதுபோல விட்டாள். கயிறு நிமிர்ந்தது. பின்னால் அசல் முனகியது. ஒரு முழம், ஒரு கஜம், ஒரு வீட்டு வாசல். என்ஜின் கறுப்பாக மூச்சு விட்டது. கை வழியாக அவளுக்கு மூன்று வண்டியும் தனித்தனியாகத் தெரிந்தன. சேஸிஸ் பல்லைக் கடித்தது, கியர்பாக்ஸ் புலம்பியது, கோழி குடியிருந்த என்ஜின் மட்டும் விடமாட்டேன் என்றது. 'ஒத்தாசை' என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டே ஆக்சிலேட்டரை மிதித்தாள்.

பாதி மேட்டில் தலைவர் கீழே திரும்பிப் பார்த்துவிட்டார். பார்த்ததும் கால் தானாகப் பிரேக்குக்குப் போய்விட்டது. கயிறு தந்தி மாதிரி அதிர்ந்தது. கூட்டுக்குடும்பத்தின் முன்சக்கரம் அந்தரத்தில் ஒரு முறை நினைத்துப் பார்த்தது.

"காலை எடுங்க!" என்று கத்தினாள் பெரியவள்.

"காலை எடுங்க!" என்றது மாடி. "காலை எடுங்க!" என்றது எதிர் மாடி. கீழே ஷெட் வாசலிலிருந்து எல்லாவற்றையும் மிஞ்சி ஒரு குரல் வந்தது. "யோவ், காலை எடுய்யா! எம்பொண்ணு இழுக்கிறா!"

கர்னல்தான். படை நடத்தாத அந்தத் தொண்டைக்குள் அப்படி ஒரு கட்டளை இருந்தது யாருக்கும் தெரியாது. தலைவர் காலை எடுத்தார். வண்டி ஏறியது.

தெருமுனையில் லாரியின் பலகையில் அசல் ஜீப்பை ஏற்றிக் கட்டினார்கள். கட்டி முடித்ததும் கறுப்புக் கண்ணாடி திரும்ப மூக்குக்கு வந்தது. கூடவே தலைமையும் வந்தது.

"வாக்குன்னா வாக்கு. வண்டி வரலாம்" என்றார். "ஆனா சங்க விதி ஒண்ணு இருக்கு. உரிமையாளர்தான் ஓட்டணும். வண்டி யார் பேர்ல இருக்கு?"

சேஸிஸ் கர்னல் ஏலத்தில் எடுத்தது. பதிவும் அவர் பேரில்தான். நாளைக் காலைக்குள் அதை மாற்ற எந்தக் கொம்பனாலும் முடியாது. இது தெரிந்துதான் கேட்கிறார் என்று கண்ணாடிக்குக் கீழே இருந்த சிரிப்பு சொன்னது. கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருந்த பெரியவளின் கை நின்றது.

சின்னவனோடு மூச்சிரைக்க மேட்டை ஏறி வந்த கர்னல், இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டு முன்னால் வந்தார்.

"என் பேர்லதான்."

"அப்ப நீங்களே சொல்லுங்க கர்னல் சார்" என்றார் தலைவர், சின்னவனையும் பார்த்து ஒரு தலையசைப்போடு. "உங்க பொண்ணு ஏதோ விளையாட்டுக்குச் சொல்லுச்சு. இது போர் வண்டிதானே? ஒரு வார்த்தை சொல்லுங்க. நான் இன்னிக்கே எடுத்துக்கிறேன். தம்பிக்கும் சங்கத்துல ஒரு நாற்காலி."

நல்ல பேரம். ஒரு வார்த்தைதான். அந்த வார்த்தையைக் கர்னல் வாழ்நாள் முழுக்கச் சொல்லிப் பழகியவர். சின்னவன், "அப்பா, சொல்லுங்கப்பா" என்றான். கர்னல் சட்டைக் காலரைச் சரிசெய்தார். மகளின் நெற்றியில் இருந்த கிரீஸைப் பார்த்தார்.

"போரும் இல்ல, புண்ணாக்கும் இல்ல" என்றார். "மூணும் செத்துக் கிடந்த வண்டிங்க. எம்பொண்ணு உசிர் கொடுத்தா. ஒத்தாசை பண்ணினது நான். அதுவும் ஓட்டை போட்டதுதான். உள்ள உக்காந்து போட்டேன், முதுகு வலி."

தெரு சிரித்தது. கர்னல் குன்றவில்லை. பெரியவள் கயிற்றைக் கீழே போட்டாள். இம்முறை சத்தம் வரவில்லை.

"அப்ப விதிப்படி..." என்று தொடங்கினார் தலைவர்.

"உரிமையாளர் ஓட்டணும். அவ்வளவுதானே? ஓட்டுறேன். எம்பொண்ணு பக்கத்துல உக்காருவா. காலையில மலையடியில நிப்போம். உங்க லாரி எங்களுக்கு முன்னால வந்துடுதான்னு பாருங்க!"

மாடிகள் கைதட்டின. லாரி டிரைவர் விசில் அடித்தார். அழுக்குச் சட்டையோடு சின்னவனும், யாருக்கு என்று தெரியாமலே, இரண்டு தட்டுத் தட்டினான். தலைவர் லாரியின் முன்சீட்டில் ஏறிக் கதவைச் சாத்த, அசல் ஜீப் வெறும் பயணியாகத் தெருவைத் தாண்டிப் போனது. கர்னல் அதற்கு ஒரு சல்யூட் வைத்தார்.

சத்தம் கேட்டு மேட்டை ஏறி வந்த அம்மா, கூட்டத்தை விலக்கிக்கொண்டு மகளிடம் வந்தாள்.

"என்னடி அமர்க்களம்?"

"நாளைக்கு மலைக்கு ஜீப்பை அப்பா ஓட்டுறாராம்."

அம்மா கர்னலைப் பார்த்தாள். கர்னல் மலை இருக்கும் திசையைப் பார்த்தார்.

கர்னலுக்கு வண்டி ஓட்டத் தெரியாது.